மூத்தார் அறையில் இருந்த பிரிண்டர்

அந்த வீட்டில் கம்ப்யூட்டர் நான்கு, பிரிண்டர் ஒன்று. கீழ்த்தளம் முழுக்க ஆபீஸ், மாடியில் குடித்தனம். அண்ணனும் தம்பியும் மனைவி மக்களோடு ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். தொழில், கட்டடங்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது. வாசல் போர்டில் அண்ணன் பெயர் மட்டும்தான் இருக்கும். போனால் போகட்டும், அவர்தானே இன்ஜினியருக்குப் படித்தவர். தம்பிக்குக் கட்டுகிற இடத்தில் மேற்பார்வை. தம்பி மனைவியை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்றே கூப்பிடுவார்கள். அவள்தான் வரைபடக்காரி. பன்னிரண்டு வருஷமாக அந்த ஆபீஸைவிட்டு வெளியே போன கோடு ஒவ்வொன்றும் அவள் இழுத்தது.

பிரிண்டர் எல்லோருக்கும் பொது என்றுதான் பேச்சு. ஆனால் அது குடியிருந்தது மூத்தாரின், அதாவது சின்னவளுடைய புருஷனின் அண்ணன் அறையில், அவர் மேஜைக்குப் பக்கத்தில், அவர் கம்ப்யூட்டரோடு மட்டும் வயரால் கட்டப்பட்டு. மற்ற மூன்று கம்ப்யூட்டரிலிருந்து யார் பிரிண்ட் கொடுத்தாலும் அது முதலில் அவருடைய கம்ப்யூட்டருக்குப் போய், அது மனசு வைத்தால்தான் பிரிண்டருக்குப் போகும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கணுமே, அந்தக் கதைதான்.

அதனால் மூத்தார் குளிக்கப் போனால் வீட்டில் பிரிண்ட் கிடையாது. சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தால் கிடையாது. வெளியே கிளம்பினால் கம்ப்யூட்டரை அணைத்து, அறையைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவர் இருக்கும்போதும் லேசில் காரியம் நடக்காது. வெளியே வரும் தாள் ஒவ்வொன்றையும் எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை படித்துவிட்டுத்தான் கையில் கொடுப்பார். பெரியவள் அவர் தாலி கட்டிய மனைவி. கூடத்தில் உட்கார்ந்து ஆபீஸ் கடிதங்களை எல்லாம் டைப் அடிப்பவள். அவள் பிள்ளைக்கு லீவு லெட்டர் எடுத்தாலும் அதே சட்டம்தான். காய்ச்சல் என்று போட்டிருக்கிறாயே, வெறும் சளிதானே என்று கேட்டுவிட்டுத்தான் தருவார்.

வரைபடத்தாளின் வலது கீழ்மூலையில் ஒரு கட்டம் உண்டு. 'வரைந்தவர்' என்று ஒரு வரி, 'சரிபார்த்தவர்' என்று ஒரு வரி. இரண்டிலும் மூத்தார் பெயர்தான். தானே வரைந்து தானே சரிபார்த்துக்கொள்ளும் இந்த அதிசயத்தைப் பன்னிரண்டு வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை. சின்னவளும்தான் கேட்கவில்லை. குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள்தான் என்று அவளே பிற்பாடு தன்னைத் திட்டிக்கொண்டாள்.

அவளைக் கேட்கவைத்தது ஒரு பள்ளிக்கூடம். நாலு தெரு தள்ளி இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்பறை கட்டப் போனார்கள். மூத்தாருக்கு அது சில்லறை வேலை, எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சின்னவள்தான் மூன்று மத்தியானம் அங்கே போய் உட்கார்ந்து, வெயில் எந்த மூலையில் விழுகிறது, பிள்ளைகள் எங்கே போய் ஒண்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தாள். ஜன்னல்களை எல்லாம் ஆறு வயதுப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கினாள். பெரியவர்கள் குனிந்துதான் வெளியே பார்க்கணும். பார்க்கட்டுமே, யாருக்காகக் கட்டுகிற அறை அது. தலைமையாசிரியை அவள் பென்சிலால் போட்டுக் காட்டியதைப் பார்த்துவிட்டு, வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி கூடுகிறது, வரைந்தவரே வந்து விளக்கிச் சொல்லட்டும், தாளில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் கேள்வி கேட்பார்கள் என்று சொல்லியிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சின்னவள் அந்த அறைக்கான மூன்று வரைபடத்தாளையும் முடித்துவிட்டு, அந்த மூலைக் கட்டத்துக்கு வந்து, 'வரைந்தவர்' என்ற வரியில் தன் முழுப் பெயரைப் போட்டாள். பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கையோடு பிரிண்ட் கொடுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை கொடுத்தாள். மொத்தம் நாலு தடவை கொடுத்தும் மூத்தார் அறையில் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம்தான் ஞாபகம் வந்தது, அவர் அறையைப் பூட்டிக்கொண்டு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தார். சரி, காலையில் அவர் குளிக்கப் போகுமுன் எடுத்து உடனே மடித்து வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டாள்.

இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். பூட்டிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போகிற ஜாதி இல்லை பிரிண்ட் கொடுத்த தாள். வாசலிலேயே உட்கார்ந்திருக்கும். அடுத்த நாள் காலை மூத்தார் கம்ப்யூட்டரைப் போட்டதும் பன்னிரண்டு தாளும் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கைக்கே வந்து சேர்ந்தன. நாலு தடவை அவள் பெயர், நன்றாக உறைக்கட்டும் என்று.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. மேஜையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து, பன்னிரண்டு தாளிலும் அந்த மூலைக் கட்டத்தை மட்டும் வெட்டி, சின்னவளின் கீபோர்டு மேல் கொண்டுவந்து வைத்தார்.

“ஏம்மா, இதெல்லாம் என்ன புதுப் பழக்கம்? பேரை மாத்தி அனுப்பு. பதினோரு மணிக்கு நான் போறேன்.”

“நான் போட்டது மாமா அது.”

“போட்டது நீ. ஆபீஸ் யாருது?”

சொல்லிவிட்டு அறைக்குப் போனார். இரண்டு நிமிஷத்தில் அவள் கம்ப்யூட்டரில் பிரிண்டர் பெயருக்கு மேல் அனுமதி இல்லை என்று வந்துவிட்டது. பொதுவாக விட்டிருந்ததை அவளுக்கு மட்டும் பிடுங்கிக்கொண்டுவிட்டார். பன்னிரண்டு வருஷம் உழைத்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது. அவளுக்கு முதலில் அழுகை வந்தது. பிறகு, எண்ணிக்கொண்டே அந்தத் துண்டுகளை அடுக்கியபோது, அழுகை போய் ஆத்திரம் வந்தது. முழுக்க நனைந்தாகிவிட்டது, இனி முக்காடு எதற்கு.

அவள் புருஷன் காபியைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் நின்றிருந்தான். அண்ணன் சொன்னால் ஒரு அர்த்தம் இருக்கும் என்பதுதான் அவனுக்குத் தெரிந்த ஒரே வேதம். அதையே முணுமுணுத்தான். பெரியவள்தான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்துத் தருவார்கள், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய்விடு என்று தாழ்ந்த குரலில் சொன்னாள்.

“கடைக்குப் போனா ஒளிச்சு எடுத்த மாதிரி ஆயிடும் அக்கா. நான் என்ன திருடியா? இந்த வீட்டு மெஷின்ல, அவர் கண்ணு முன்னாடி வரணும்.”

பெரியவள் தன் கீபோர்டை ஒதுக்கிவைத்துவிட்டு அவளையே பார்த்தாள்.

பிரிண்டர் வாங்கிய நாள் சின்னவளுக்கு நன்றாக நினைவிருந்தது. மாட்ட வந்த மெக்கானிக் அதன் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி மூடியிருந்த ஒரு ஓட்டையைக் காட்டி, இதில் ஒரு வயரைச் செருகிக் கூடத்தில் இருக்கும் இன்டர்நெட் பெட்டியோடு சேர்த்துவிட்டால் யாருடைய கம்ப்யூட்டர் தயவும் வேண்டாம், நாலு பேரும் நேராக எடுத்துக்கொள்ளலாம் என்றான். மூத்தார் முகம் சுருங்கிப் போயிற்று. அதெல்லாம் வேண்டாம், என் கம்ப்யூட்டரோடு கட்டு என்றார். மெக்கானிக் தோளைக் குலுக்கிவிட்டு, வேண்டாத அந்த நீல வயரைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுப் போனான். பெட்டி மாடிப்படிக்கு அடியில் பழைய செருப்புகளோடு கிடந்தது.

சின்னவள் போய் எடுத்தாள். தூசி தட்டினாள். ஒரு முனையைக் கூடத்துப் பெட்டியில் செருகினாள். கதவோரமாக வயரை இழுத்துக்கொண்டு, தட்டாமல் கொள்ளாமல் மூத்தார் அறைக்குள் நுழைந்தாள். அவர் தலைமையாசிரியையோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். ஜன்னலைத் தாழ்வாக வைக்கணும் என்று எனக்குத் தோன்றியது மேடம், பிள்ளைகள் மனசு எனக்குத் தெரியும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தின் கேட் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் மனிதருக்குச் சொல்லத் தெரியாது. நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொண்டிருக்க முடியுமா இதை.

பிரிண்டரை ஒரு சாண் முன்னால் நகர்த்தினாள். ஸ்டிக்கரை உரித்தாள். வயரைச் செருகினாள். டொக் என்று உட்கார்ந்தது. பிரிண்டரின் சின்னத் திரையில் தேடிப் பிடித்து ஒரு பட்டனை அழுத்த, கம்ப்யூட்டர்கள் அதைக் கண்டுபிடிக்கிற விலாசம் நாலு எண்களாக ஒரு தாளில் வந்தது. மூத்தார் போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்ன என்று கையால் கேட்டார். “வயர் மாட்டுறேன் மாமா” என்றாள். பொய்யா சொன்னாள். தாளை அவருக்கு முன்னாலேயே எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவர் படிக்கக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை.

தன் கம்ப்யூட்டரில் அந்த நாலு எண்ணையும் போட்டு, பிரிண்டரைப் புதிதாகச் சேர்த்தாள். சேர்ந்துகொண்டது. எழுந்து திரும்பினால் பின்னால் பெரியவள் நிற்கிறாள்.

“எனக்கும் அதே மாதிரி பண்ணிக் குடு” என்றாள்.

பண்ணிக் கொடுத்தாள். மணி பத்தேகால். சின்னவள் தன் நாற்காலிக்கு வந்து, மூன்று தாளுக்கும் பிரிண்ட் கொடுத்துவிட்டு, நேரே மூத்தார் அறை வாசலில் போய் நின்றாள்.

பிரிண்டர் கனைத்துக்கொண்டு தாளை இழுத்தது. மூத்தார் போனை வைத்தார். முதல் தாள் தலைகாட்டியது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தவர், மூலைக் கட்டத்தைப் பார்த்ததும் நிமிர்ந்தார். முகம் ரத்தமாகச் சிவந்துவிட்டது. தன் கம்ப்யூட்டரைப் பார்த்தார், அதில் யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு சுவடும் இல்லை. நிறுத்து என்றார். அவள் நிறுத்தவில்லை. நான் நிறுத்துகிறேன் பார் என்று மேஜைக்கு அடியில் குனிந்து, கம்ப்யூட்டரின் பிளக்கை இழுத்துப் பிடுங்கினார். திரை அணைந்தது. அறையே ஒரு கணம் அமைதியானது.

பிரிண்டர் இரண்டாவது தாளை இழுத்தது.

அவர் கையில் பிளக்கோடு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டர் அணைந்தால் வீட்டில் ஒரு தாளும் நகராது என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டிருந்த மனிதர். பாவம்தான். ஆனால் பாவம் பார்த்துப் பார்த்துத்தானே பன்னிரண்டு வருஷம் போயிற்று. மூன்றாவது தாளும் வந்தது. சின்னவள் உள்ளே போய் மூன்றையும் எடுத்து மேஜைமேல் அவருக்கு நேராக விரித்தாள்.

“சரிபார்த்தவர் வரி காலியா இருக்கு மாமா. நீங்க பார்த்து, சரியா இருந்தா கையெழுத்துப் போடுங்க. பள்ளிக்கூடத்து கேட் எந்தப் பக்கம்னு கேட்டா மட்டும் என்னைக் கேளுங்க.”

அவர் பேனாவைத் தொடவில்லை. அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழுசாக நின்றாள். பிறகு, காலியாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுத் தாள்களைச் சுருட்டினாள்.

அப்போதுதான் பிரிண்டர் நாலாவதாக ஒரு தாளை இழுத்தது.

சின்னவள் கொடுத்தது மூன்றுதான். மூத்தாரின் கை இப்போது பிரிண்டரின் பிளக்குக்குப் போயிற்று.

“அதைப் பிடுங்காதீங்க” என்றாள் வாசலில் நின்ற பெரியவள். “அது என்னோடது.”

“உன்னோடதா? உனக்கு என்ன?”

பெரியவள் உள்ளே வந்து, தாள் முழுசாக வெளியே வரும்வரை பக்கத்திலேயே நின்றாள். வந்ததும் எழுத்து தன் பக்கம் இருக்கும்படி எடுத்து, இரண்டாக மடித்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவர் வழக்கம்போலக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. கட்டிய மனைவி அதைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

கூடத்தில் சின்னவளின் புருஷன் அண்ணன் அறையையும் மனைவியின் கையிலிருந்த சுருளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவனிடம் வண்டியை எடுங்கள் என்றாள். அவன் அண்ணனிடம் கேட்கவில்லை. எடுத்தான்.

வாசலில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் செருப்பு மாட்டினார்கள், ஒருத்தி சுருளோடு, ஒருத்தி மடித்த தாளோடு. பெரியவளின் தாளில் என்ன இருந்தது என்று சின்னவளுக்கு அறிய ஆசைதான். கேட்கவில்லை. கேட்டால் அவளும் இன்னொரு மூத்தார் ஆகிவிட மாட்டாளா. அந்த வீட்டில் முதல் தடவையாக ஒரு தாள், யாரும் படித்துப் பார்க்காமல், வாசலைத் தாண்டித் தெருவுக்குப் போயிற்று.