கிருஷ்ணம்மா கேட்ட பலூன்

மலாய் நாட்டில் லாயாங் லாயாங் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர் வீடுகள் வரிசையாக நின்ற ஆறாம் லயத்தில் அந்த வாரம் முழுக்க ஒரே பேச்சு. காளியப்பன் மகள் கிருஷ்ணம்மா பலூன் கேட்கிறாளாம். கேட்பது ஐந்து வயதுப் பிள்ளை. வாங்கித் தர வேண்டியவள் அதன் சின்னம்மா பேச்சியம்மாள். பலூன் என்றால் என்னவென்று பேச்சியம்மாளுக்கே தெரியாது. கப்பலை விட்டு இறங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த எட்டு மாதத்தில் அவள் பார்த்ததெல்லாம் ரப்பர் மரம், மழை, மறுபடியும் ரப்பர் மரம்.

பிள்ளை வந்து சேர்ந்த கதை சிறியது. பேச்சியம்மாளின் புருஷன் செல்லப்பனுக்கு ஒரே அண்ணன், இந்தக் காளியப்பன். கோத்தா திங்கிப் பக்கம் சாலை போடும் வேலையில் இருந்தான். மனைவி பிரசவத்தில் இறந்துவிட, பக்கத்து மலாய்க் கிராமத்தில் இருந்த மாக் சோம் என்ற மலாய்க்காரப் பெண்மணிதான் பிள்ளையை எடுத்து வளர்த்தாள். அப்பன் பேசுகிற தமிழ் பிள்ளைக்கு நன்றாகப் புரியும். ஆனால் வாயில் வருவது மாக் சோமின் மலாய். போன மாதம் காளியப்பனும் காய்ச்சலில் போய்விட்டான். கடிதம் வந்ததும் செல்லப்பன் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தான். மாக் சோம் அழுதாளாம். பிள்ளை உங்களிடம் ஒட்டவில்லை என்றால் என்னிடமே கொண்டுவந்து விடுங்கள் என்று, தமிழ் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து சொல்லச் சொன்னாளாம்.

ஒட்டத்தான் இல்லை. பேச்சியம்மாளுக்குக் கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை கிடையாது. கிருஷ்ணம்மா வாசலில் வந்து நின்ற நிமிஷமே இது என்னுடையது என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். முடிவு கட்டாதது பிள்ளைதான். அழவில்லை, அடம் பிடிக்கவில்லை. மூலையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதைக் கேட்டாலும் ஒரே ஒரு சொல் சொல்லும். அதையும் பாதி வாயிலேயே மென்றுவிடும்.

"கண்ணு, சோறு போடட்டா?"

"பெலோ."

"சின்னம்மா பக்கத்துல வந்து படுத்துக்கிறியா?"

"பெலோ."

இரண்டு நாள் இந்தப் பெலோவைக் கேட்டுப் பேச்சியம்மாளுக்குத் தலை சுற்றியது. மூன்றாம் நாள் அடுத்த வீட்டு மணியத்திடம் போனாள். மணியம் மாட்டுவண்டி ஓட்டுகிறவன், மாதத்தில் இரண்டு தடவை டவுனுக்குப் போய் வருகிறவன். ஆகவே இந்த உலகத்தில் தனக்குத் தெரியாத மலாய் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியிடம் கேட்டிருந்தால் ஒரு நொடியில் விஷயம் தீர்ந்திருக்கும். ஆனால் கிராணியிடம் போய்ப் பிள்ளைப் பேச்சுக்கு அர்த்தம் கேட்கிற தைரியம் அந்த லயத்தில் யாருக்கு உண்டு?

"அட, இது தெரியலியா தங்கச்சி," என்றான் மணியம். "பெலோன். ஊதுற பந்து, கலர் கலரா இருக்கும். நம்ம ஊர்ல பலூன்னு சொல்றது. அந்த மலாய்க்காரம்மா பிள்ளைக்குக் காட்டிருக்கும். ஜொகூர் பாருல கடலோரமா சிங்கப்பூர் கம்பெனி வந்து கொட்டாய் போட்டிருக்கான்ல, ராட்டினம், குதிரை எல்லாம்? அங்க விக்கிறான். போனீங்கன்னா எம் பிள்ளைங்களுக்கும் ரெண்டு வாங்கிட்டு வாங்க."

பேச்சியம்மாளுக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. சோறு வேண்டுமா என்றால் பலூன். தூக்கம் வருதா என்றால் பலூன். ஒரு பிள்ளை அப்படியா பலூன் பலூன் என்று உயிரை விடும்? இருந்தாலும் கேட்பது ஒன்றே ஒன்று, அதை வாங்கிக் கொடுத்துவிட்டால் பிள்ளை முகம் மலராதா என்று அவளுக்கு ஒரு நப்பாசை.

செல்லப்பன் கெட்டவன் இல்லை. பிள்ளை நாளுக்கு நாள் வாடுவதை அவனால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். சனிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது சொன்னான். "நாளைக்கு ரயில்ல ஜொகூர் பாரு போவோம். நீ ஆசைப்பட்டபடி அதை வாங்கிக் குடு. அங்கேருந்து சாயங்காலம் கோத்தா திங்கிக்கு பஸ்ஸு இருக்கு. அதுக்குள்ள பிள்ளை ஒங்கிட்ட வந்துட்டா, நம்ம வீட்டுக்கே வரட்டும். இல்லாட்டி நான் கொண்டுபோய் அந்தம்மாகிட்டயே விட்டுர்றேன். பாவம் பேச்சி, அது நம்ம வீட்டுல செத்துப்போயிரும் போல இருக்கு."

பேச்சியம்மாள், பிள்ளையின் நான்கு உருப்படிகளை அவன் ஒரு துண்டில் மூட்டை கட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். அந்த மூட்டையைப் பிடுங்கி அடுப்பில் போடலாம் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர்கள் கொட்டகைக்குள் நுழைந்தபோது பேச்சியம்மாளுக்குத் திக்குத் திசை தெரியவில்லை. ஒரு பக்கம் பாண்டு வாத்தியம். ஒரு பக்கம் மரக்குதிரைகள் ஏறி இறங்கிச் சுற்றின. வெள்ளைக்காரக் குழந்தைகள், சீனக் குழந்தைகள், தொப்பி போட்ட மலாய்க்காரர்கள், எல்லோரும் எதற்கோ சிரித்தார்கள். யாராவது தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று அவள் புடவைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். செல்லப்பன் மூட்டையோடு பஸ் நேரம் விசாரிக்கப் போய்விட்டான். அவளும் பிள்ளையும் தனியாக நின்றார்கள்.

மரக்குதிரை ராட்டினத்துக்குப் பக்கத்தில் பலூன்காரர் இருந்தார். வயதான மலாய்க்காரர். ஒரு நீண்ட மூங்கிலில் நூல் நூலாகக் கட்டி, சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகத் தொங்கவிட்டிருந்தார். பேச்சியம்மாள் சிவப்பைக் காட்டினாள். கையில் வாங்கியதும் அவளுக்கு ஒரு சந்தேகம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். பால். தினமும் விடியற்காலையில் தன் கையால் மரத்தில் வெட்டி வாளியில் ஊற்றுகிற அதே ரப்பர்ப் பால் வாசனை. நம்ம பாலைக் கப்பலேற்றிக் கொண்டுபோய், உள்ளே காற்றை அடைத்து, நமக்கே விற்கிறானா? இதென்ன கூத்து என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"இந்தா கண்ணு. நீ கேட்ட பெலோன்."

கிருஷ்ணம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "தா மாவ்."

பேச்சியம்மாள் திகைத்தாள். இது புதுச் சொல். ஆறு நாளாகப் பெலோன் பெலோன் என்று கேட்ட பிள்ளை இப்போது தாமாவு என்கிறது. ஒருவேளை அது நிறமோ? சிவப்பு பிடிக்கவில்லை, வேறு நிறம் கேட்கிறதாக்கும். அவள் பச்சையைக் காட்டினாள். பலூன்காரர் எடுத்துக் கொடுத்தார்.

"தா மாவ்," என்றது பிள்ளை.

மஞ்சளையும் வாங்கினாள். அதற்கும் தா மாவ். மூன்று நூல்களையும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு பேச்சியம்மாள் பலூன்காரரிடம் முறையிட்டாள். "பெரியவரே, தாமாவு கலர் இருந்தா ஒண்ணு குடுங்க. பிள்ளை அதைத்தான் கேக்குது."

பலூன்காரர் அவளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், தம் பலூன்களை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தம்மிடம் இல்லாத நிறம் ஏதாவது இந்த உலகத்தில் உண்டா என்று அவருக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பிறகு குனிந்து பிள்ளையிடம் மெதுவாக என்னவோ கேட்டார். "சுடா மாக்கான்?" என்று காதில் விழுந்தது.

கிருஷ்ணம்மா நிமிர்ந்தாள். அந்த முகத்தில் ஆறு நாளாக இல்லாத ஒரு வெளிச்சம். "பெலோம்," என்றாள், இந்த முறை முழுசாக.

"பாத்தீங்களா, பெலோன்தான் வேணுமாம்," என்றாள் பேச்சியம்மாள்.

"பெலோம்," என்று பெரியவர் தலையை ஆட்டினார். "புக்கான் பெலோன். பெலோம்."

"ஆமாங்க, பெலோன்தான். மூணு வாங்கிட்டேனே, பெறவும் பெலோன்னா நான் என்ன செய்வேன்?"

பெரியவர் கையை விரித்தார். பேச்சியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பஸ் நேரம் கேட்கப் போனவன் வந்துவிடுவான். அவன் கையில் மூட்டை இருக்கிறது. பிள்ளை கேட்டதை வாங்கிக் கொடுத்தும் பிள்ளை வாங்கவில்லை. வாங்காமலே இன்னும் கேட்கிறது. இதில் எதைத்தான் அவள் புரிந்துகொள்வது?

மரக்குதிரை ராட்டினத்தில் சீட்டுக் கிழிக்கிற பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். பையன் என்றாலும் இருபத்தாறு வயது, ஜொகூர் பாருவிலேயே பிறந்து வளர்ந்தவன், கழுத்தில் சிலுவைக் கயிறு, பேர் ரபேல். தமிழ்ச் சத்தம் கேட்டு இறங்கி வந்தான்.

"என்னக்கா, என்ன பிரச்சன? பெரியவர் ஏமாத்துறாரா?"

"அவர் பாவம் தம்பி. இந்தப் பிள்ளைதான் எந்நேரமும் பெலோன் பெலோன்னு கேக்குது. வாங்கிக் குடுத்தா தாமாவுங்குது. அந்தக் கலரு இங்க இல்லையாம்."

ரபேல் சிரித்துவிட்டான். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "தா மாவ்னா வேணாம்னு அர்த்தம்கா. பிள்ளைக்குப் பலூன் வேணாம்."

"அப்போ ஆறு நாளா ஏன் கேட்டுச்சு?"

"அது பலூன் கேக்கல. அதான் பெரியவர் புக்கான் பெலோன், பலூன் இல்லைன்னு சொன்னாரு. வாயைத் திறந்தபடி முடிச்சா பெலோன், அது பலூன். உதட்டை மூடி முடிச்சா பெலோம். அது வேற. இன்னும் இல்லைன்னு அர்த்தம். இப்பப் பெரியவர் சாப்பிட்டாச்சான்னு கேட்டாரு. பிள்ளை இன்னும் இல்லைன்னுச்சு."

"இல்லைன்னா?"

"இல்லைன்னு இல்லக்கா. இன்னும் இல்லைன்னு. மலாய்க்காரங்க எடுத்த எடுப்புல இல்லைன்னு சொல்லமாட்டாங்க. நடக்கவே நடக்காதுன்னாத்தான் திடாக்னு சொல்லுவாங்க. நடக்கும், ஆனா இப்ப இல்லைன்னா பெலோம். என்னையும்தான் கேக்கறாங்க, கல்யாணம் ஆச்சான்னு. நானும் பெலோம்னுதான் சொல்லிட்டுத் திரியிறேன்."

யாரோ சீட்டுக் கேட்டுக் கூப்பிட்டார்கள். ரபேல் ஓடிவிட்டான்.

பேச்சியம்மாள் நின்ற இடத்திலேயே நின்றாள். பாண்டு வாத்தியம் அவள் காதில் விழவில்லை. ஆறு நாளாகத் தான் கேட்டதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. சோறு போடட்டா? இன்னும் இல்லை. பக்கத்தில் படுத்துக்கிறியா? இன்னும் இல்லை. தலை வாரி விடட்டா? இன்னும் இல்லை. வியாழக்கிழமை விளக்கு வைத்த நேரத்தில், செல்லப்பன் வெளியே போயிருந்தபோது, யாரும் கேட்காத குரலில் அவள் இன்னொன்றும் கேட்டிருந்தாள். என்னை அம்மான்னு கூப்பிடுவியா?

அதற்கும் பிள்ளை அதே சொல்லைத்தான் சொன்னது. அன்று அவள் பலூனுக்காக இந்தப் பிள்ளை அம்மாவைக்கூடப் பேரம் பேசுகிறதே என்று நினைத்து, அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதாள். பிள்ளை ஒரு தடவைகூட முடியாது என்று சொல்லவே இல்லை. அந்தப் பிஞ்சு தன்னால் இயன்ற மரியாதையோடு, கொஞ்சம் பொறு என்று ஆறு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. இவள்தான் அதைப் பலூன் என்று கேட்டிருக்கிறாள்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளைக்கு எதிரே மண்ணில் குந்தி உட்கார்ந்தாள். தொடலாமா வேண்டாமா என்று தெரியாமல் கையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

செல்லப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் தோளில் மூட்டை.

"நாலு மணிக்குப் பஸ்ஸு. இப்பப் போனாத்தான் எடம் கெடைக்கும்." அவன் பிள்ளையைப் பார்த்தான், யாரும் வாங்காமல் ஆடிக்கொண்டிருந்த மூன்று பலூன்களைப் பார்த்தான். குரல் தணிந்தது. "என்ன பேச்சி, பிள்ளை ஒங்கிட்ட வந்துச்சா இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லிரு."

பேச்சியம்மாள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே வார்த்தை அவளிடம் இருந்தது.

"பெலோன்," என்றாள்.

செல்லப்பன் விழித்தான். "மூணு கையில வச்சுக்கிட்டு இன்னும் பெலோனா? ஒனக்கும் அந்தப் பைத்தியம் ஒட்டிக்கிச்சா?"

"அது இல்லைங்க. பெலோன். பெலோன்..." சொல்ல வந்த சொல் நாக்கில் வேறு மாதிரியே வந்து விழுந்தது. அவள் கையைப் பிசைந்தாள்.

கிருஷ்ணம்மா இதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓர் அடி முன்னால் வந்தாள். முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்த கையை எடுத்து, இரண்டு விரலால் சின்னம்மாவின் உதடுகளைச் சேர்த்து மூடினாள்.

"பெலோம்," என்றாள்.

அந்தச் சின்ன விரல் நகரவில்லை. சரியாகச் சொல்லும்வரை விடுவதாக இல்லை.

"பெலோம்," என்றாள் பேச்சியம்மாள், அந்த விரல்களுக்குள்ளேயே உதட்டை மூடி முடித்து.

பிள்ளை தலையை ஆட்டிக் கையை எடுத்தது. கண்ணீர் வழிய வழியப் பேச்சியம்மாள் எழுந்தாள். ஒன்றும் விளங்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த செல்லப்பனின் தோளிலிருந்து மூட்டையை இறக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த மாசம் மூணு பேருமா போயி மாக் சோமைப் பாத்துட்டு வரலாம்," என்றாள். "இப்ப லாயாங் லாயாங் ரயிலு எத்தன மணிக்குன்னு கேட்டுட்டு வாங்க. இதுல ரெண்டு பலூன் மணியண்ணன் பிள்ளைங்களுக்கு."