வெர்லின் ரம்பம்

ஏலத்துக்கு என் வீட்டுக்காரர் வெர்லுடைய பொருள் ஏதாவது வேண்டும் என்று, ஊரில் ஏலம் விடுகிற கிளெம் வீட்டுக்கு வந்து கேட்டான்.

"அவன் பாடுபட்ட சாமானா குடு நோரீன். போர்வையும் பூச்சாடியும் வச்சு ஏலம் போட்டா பாதிப் பேர் தூங்கிருவான், மீதிப் பேர் எந்திரிச்சுப் போயிருவான்."

கொட்டகைக்குப் போய் வெர்லின் மோட்டார் ரம்பத்தைத் தூக்கி வந்து அவன் வண்டியில் போட்டேன்.

"இது திரும்பி வரக்கூடாது கிளெம். வித்தா வித்ததுதான்."

"அதெல்லாம் பாத்துக்கலாம்" என்றான்.

வெட்டிய மரம் உருண்டு வெர்ல் முதுகில் விழுந்தது இலையுதிர் காலத்தில். இனிமேல் காட்டு வேலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். டாக்டர் மலை ஏறியதே இல்லை என்பது வெர்லின் பதில். போன மாதம் நான் பள்ளிக்கூடச் சமையலுக்குப் போயிருந்தபோது, வாக்கரைத் தள்ளிக்கொண்டே போய் விறகுக் குவியலுக்குப் பக்கத்தில் ரம்பத்தை ஓட்டியிருக்கிறார். வந்து பார்த்தால் பனியில் குப்புறக் கிடக்கிறார். கை எட்டும் தூரத்தில் ரம்பம் உறுமிக்கொண்டிருக்கிறது. "வழுக்கிருச்சு" என்றார். அந்தச் சனியன் வீட்டில் இருக்கும்வரை இவர் உயிருக்கு உத்தரவாதம் இல்லை.

சனிக்கிழமை மதியம் தீயணைப்புக் கூடத்தில் ஊரே கூடியது, எங்கள் ஆஸ்பத்திரிக் கடனுக்காக. மரம் அறுக்கும் ஆலையின் பகல் ஷிப்டை ஒரு பக்கமும் ராத்திரி ஷிப்டை எதிர்ப்பக்கமும் உட்காரவைத்துப் போட்டி மூட்டிவிட்டான் கிளெம். ஏலத்தில் தோற்ற பக்கம் எழுந்து நின்று கோழி மாதிரி கூவ வேண்டும். மேனேஜர் மூஞ்சியில் கிரீம் கேக்கை அப்புகிற உரிமையையும் ஏலம் போட்டான். பலகை அடுக்குகிற மூன்று பெண்கள் கூட்டுச் சேர்ந்து அதை எடுத்தார்கள். ஒருத்தி கையை ஓங்கிய வேகத்தைப் பார்த்தால் விளையாட்டாகத் தெரியவில்லை. மேனேஜரும் சிரித்தாக வேண்டியிருந்தது. வெர்ல் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பிறகு ரம்பம் மேடைக்கு வந்தது.

அடிபட்டவனின் பொருளை ஏலத்தில் எடுத்தவன் வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் ஊரில் கிடையாது. பணத்தைக் கட்டிவிட்டு "மறுபடி விடு" என்று கத்துவான். அடுத்தவன் எடுப்பான், அவனும் கத்துவான். கடைசியாக எடுப்பவன் அதை அடிபட்டவன் மடியில் கொண்டுபோய் வைப்பான். நீ திரும்பி வருவாய் என்று அதற்கு அர்த்தம். இது எனக்குத் தெரியாததல்ல. கிளெமிடம் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும் என்று நம்பியதுதான் என் மடத்தனம்.

"மறுபடி விடு." "மறுபடி விடுப்பா." இரண்டு பக்கமும் மாறி மாறிக் கத்தினார்கள்.

காப்பி அண்டாவுக்குப் பக்கத்தில் டுவேனைப் பிடித்தேன். வெர்லோடு ஜோடியாக மரம் வெட்டியவன்.

"நீ எடு. எடுத்துக்கிட்டு நேரா உன் வண்டிக்குப் போயிரு."

"ஊரே காறித் துப்பும் நோரீன்."

"துப்பட்டும். அன்னிக்கு நான் கூப்பிட்டதும் ஓடி வந்து பனியிலேருந்து அவரைத் தூக்கினவன் நீதானே?"

தலையைக் குனிந்துகொண்டு போனான். கூட்டத்துக்கு மூச்சு வாங்குகிற அளவுக்கு விலையை ஏற்றினான்.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று கிளெம் தட்டினான். டுவேன் எதுவும் கத்தவில்லை. ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"டேய் டுவேன்," என்றார் வெர்ல், சிரித்துக்கொண்டே. "நான் இங்க இருக்கேன்டா. கண்ணும் போச்சா உனக்கு?"

கூடமே வெடித்துச் சிரித்தது.

"பாவம், வழி தெரியாம போறான். திருப்பி விடுங்கப்பா" என்றான் கிளெம் மைக்கில்.

பகல் ஷிப்டுக்காரர்கள் இரண்டு பேர் அவன் தோளைப் பிடித்துத் திருப்பினார்கள். டுவேன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து "கொண்டுபோ" என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால், வெர்ல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், எனக்கு வாய் வரவில்லை.

மடியில் வைத்தான். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

"பனி உருகட்டும். வந்துர்றேன்" என்றார் வெர்ல். கைதட்டல் இன்னும் கூடியது.

இவ்வளவு பணம் இந்த ஊரில் சேர்ந்ததே இல்லை என்று கிளெம் பூரித்துப்போனான். "பாத்தியா நோரீன்? சிரிக்க வச்சாத்தான் குடுப்பான்." நன்றி சொன்னேன். கடன் அடையும். அதில் பொய்யில்லை.

திரும்பும்போது ரம்பத்தைப் பின்னால் வைக்க வெர்ல் விடவில்லை, மடியிலேயே வைத்துக்கொண்டார். பெட்ரோல் பங்க் வந்ததும் நிறுத்தச் சொன்னார்.

"இதுக்குப் போடுற எண்ணெய் தீந்துபோச்சு."

"இப்ப என்ன அவசரம்? அப்புறம் வாங்கலாம்."

"நிறுத்து நோரீன்."

நிறுத்தினேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைக்கப் பார்த்தார். முடியவில்லை. திரும்பவும் முயன்றார். பிறகு முன்னால் பார்த்தபடி சொன்னார்: "நீயே போய் வாங்கிட்டு வந்துரு."

போனேன். இருப்பதிலேயே சின்ன பாட்டிலாக எடுத்தேன்.