கடைசி ஒட்டும் கழன்ற நாள்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பெற்ற தாய் மேல் ஆணை, நிஷாவா ஆற்றின் மேல் ஆணை. சந்தேகம் இருந்தால் நீஷ் நகரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கேட்பதைச் சாப்பாட்டுக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்; பிராந்தி வந்துவிட்டால் கதை நீளும்.

காலை ஏழரைக்குப் போரிவோயே, நிரல்களைச் சேர்த்துக் கட்டும் பில்ட் இயந்திரத்தின் திரையைப் பார்த்தபடி, கைகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. பென்ஷனுக்கு இன்னும் ஏழு வருடம். அவர் வேலை பார்த்த கம்பெனி, அடுக்குமாடிகளின் நிலவறைகளில், குளிருக்கு வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்களைத் திறந்து மூடும் பெட்டிகளைச் செய்தது. பெட்டிக்குள் லினக்ஸ் இயங்குதளம். அதற்குள் நானூற்றுச் சொச்சம் நிரல்கள். எழுதியவர்கள் உலகம் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். ஒருவரும் நீஷ் நகரத்துக் குழாயைப் பார்த்ததில்லை. அதனால் அவர்கள் வெளியிடும் மூலநிரல் பெட்டிக்கு அப்படியே பொருந்தாது. ஓரிடத்தில் இரண்டு வரி வெட்ட வேண்டும், ஓரிடத்தில் மூன்று வரி சேர்க்க வேண்டும். அந்தத் திருத்தம்தான் ஒட்டு. ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கோப்பு. இயந்திரம் மூலநிரலை இறக்கி, ஒட்டுகளை எண் வரிசைப்படி அதன்மேல் போட்டு, பிறகு கட்டும். நிரலை எழுதிய மூலத்துக்காரர் புது வெளியீடு விட்டால் வரிகள் நகர்ந்துவிடும், ஒட்டு உட்காராது, இயந்திரம் துப்பிவிடும். மறுபடி அளவெடுத்துத் தைக்க வேண்டும்.

பதினொரு வருடம் முன்பு அவர் சேர்ந்தபோது அறுநூற்றுப் பதினெட்டு ஒட்டுகள் இருந்தன. அச்சடித்துத் தலையும் வாலுமாக விரித்தால் கோட்டை வாசலிலிருந்து பேருந்து நிலையம் வரை வரும். விரித்தே பார்த்தார்கள், சந்தை அருகே மை தீர்ந்துவிட்டது.

மற்றவர்கள் ஒட்டைத் தைத்துத் தைத்துப் போடுவார்கள். போரிவோயே மூலத்துக்காரருக்குக் கடிதம் எழுதுவார்: ஐயா, இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உள்ளதில்லை, இதை நீங்களே உள்ளே சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்த்துக்கொண்டால் அடுத்த வெளியீட்டில் திருத்தம் தானே வந்துவிடும். தன் ஒட்டைக் கழற்றி எறிந்துவிடுவார். ஃபின்லாந்தில் கடிகார நிரலைப் பார்த்துக்கொள்ளும் மனிதர் ஆறு வருடம் வாய் திறக்கவில்லை. நாற்பத்தொரு கடிதம் போனது. நாற்பத்திரண்டாவதோடு மனைவி மிலுங்கா சுட்டரைத்த சிவப்பு மிளகாய் விழுது ஒரு ஜாடி போனது. ஒன்பதாம் நாள் ஒட்டு ஏற்கப்பட்டது. இன்னும் வேறு குறை உண்டா என்ற அன்பான விசாரிப்பும் வந்தது.

பக்கத்து மேசையில் வுகாஷின். அவன் பார்த்தது கம்பெனியின் வேறொரு பெட்டி. முந்நூறு ஒட்டு வைத்திருந்தான், ஒன்றையும் வெளியே அனுப்பமாட்டான். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் மூன்று வாரம் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்துவான். டைரக்டர் வந்து முதுகில் தட்டிவிட்டுப் போவார்.

"ஏண்ணே, தச்ச சட்டையெல்லாம் ஊருக்குக் குடுத்துட்டு, ஒருநாள் அம்மணமா நிக்கப்போற" என்பான் வுகாஷின்.

"உன்கிட்டதான் முந்நூறு இருக்கே. அன்னைக்கு ஒண்ணு கடன் குடு."

அன்று காலை மிச்சம் இருந்தது ஒரே ஒட்டு. மூலத்துக்காரர் அதையும் எடுத்துக்கொண்டிருந்தார். போரிவோயே அதை நீக்கினார். இயந்திரம் நாற்பது நிமிடம் ஓடி, ஒரு புகாரும் இல்லாமல் முடித்தது. கோப்புறை காலி. மாடிப்படிக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டார்.

"மிலுங்கா, ஒட்டெல்லாம் தீந்துபோச்சு. ஒண்ணுகூட இல்ல."

மறுமுனையில் தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல."

"சொல்லாத போரா. வாயை மூடிக்கிட்டுத் திரையப் பாத்து உக்காரு. ஏழு வருஷமும் அப்படியே உக்காரு."

"அதெப்படி? நல்லது நடந்தவன் வாங்கித் தராம இருந்தா கஞ்சன்னு சொல்லமாட்டாங்க?"

"சொல்லட்டுமே. கஞ்சனுக்கும் சம்பளம் வரும்."

ஆனால் நீஷில் பிறந்த மனிதனால் அது முடியாது. கார் வாங்கினாலும் பல் கட்டினாலும் வாங்கித் தந்தே பழகிய ஊர். பத்து மணிக்குப் போரிவோயே எதிர்ப்புறத்து அடுமனையிலிருந்து இரண்டு தட்டு பாலாடைக்கட்டி அடைத்த புரெக்கும், தயிரும், ஒரு போத்தல் பிளம் பிராந்தியும் கொண்டுவந்து வைத்தார். சூடான மாவும் பாலாடையும் மணத்ததில் மூன்றாம் மாடியே திரண்டுவிட்டது.

டைரக்டர் ஒக்னியனுக்கு முப்பத்துமூன்று வயது. வாய் நிறையப் புரெக்கோடு கேட்டார்:

"என்ன விசேஷம் போரா மாமா? பேத்தி பொறந்திருக்காளா?"

"அறுநூத்திப் பதினெட்டும் போச்சு தம்பி. எல்லாத்தையும் மூலத்துக்காரங்களே எடுத்துக்கிட்டாங்க. இனிமே புது வெளியீடு வந்தா அது பாட்டுக்குக் கட்டிக்கும்."

"யாரும் தொட வேண்டாமா?"

"ஒருத்தரும் வேண்டாம்" என்றார் போரிவோயே, நெஞ்சு நிமிர்ந்து.

ஒக்னியன் மெதுவாக மென்றார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

"பிரமாதம். சாப்பிட்டு முடிச்சுட்டு என் ரூமுக்கு ஒரு நிமிஷம் வாங்க மாமா."

அறையில் ஒக்னியன் பணிநீக்கக் காகிதத்தை மேசையில் வைத்து, அது பறந்துவிடும் என்பதுபோல விரலால் அழுத்திக்கொண்டே பேசினார்.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல. அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. குறை இருந்தா திருத்திக்கச் சொல்லுவேன்."

"வுகாஷின் பெட்டிக்கு வரேனே. முந்நூறு இருக்கு. நாலு வருஷத்துல கழட்டிடுவேன்."

"கேட்டேன் மாமா. அந்த ஒட்டெல்லாம் அவனுக்கு மட்டும்தான் புரியுமாம். ரொம்ப அவதிப்படுறான் பாவம். அவனுக்கு ரெண்டு பேர் ஒத்தாசைக்குப் போடுறோம், ரெண்டு பேரும் சின்னப் பசங்க."

போரிவோயே கையெழுத்திட்டார். பேனாவில் பாலாடைப் பிசுக்கு ஒட்டியது. கைக்குட்டையால் துடைத்து, மூடி போட்டு வைத்தார். அடுமனைத் தட்டுகளைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. கழுவி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"என்ன நல்ல சேதின்னு சொல்லாமலே போயிட்டீங்களே அண்ணே" என்றாள் கல்லாவில் இருந்தவள்.

"அதையும் சேத்துத் தின்னுட்டாங்கம்மா."

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊர் பிராந்திக்குப் பின் இன்னும் பேசுகிறது. நான்காம் நாள் இயந்திரம் துப்பிய துப்பில் நீஷ் நகரத்து வெந்நீர்க் குழாய்கள் மொத்தமும் திறந்துகொண்டன. மே மாதத்தில் ஊரே பனியனோடு மாடத்தில் நின்றது. ஒக்னியன் மின்தூக்கி ஓடாத கட்டடத்தில் ஒன்பது மாடி ஏறி வந்து போரிவோயே வீட்டுக் கதவைத் தட்டினார். மிலுங்கா ஒரு சாண் திறந்தாள்.

"யாரு?"

"டைரக்டர் வந்திருக்கேன் அத்தை."

"டைரக்டருக்கு இங்க என்ன வேலை? எங்க வீட்டுல எல்லாம் தானா நடக்குது."

அவர் கால்மிதியில் மண்டியிட்டார். எக்காளக் குழு முன்னே ஊத, போரிவோயேயைத் தோளில் தூக்கி அதே நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

பிராந்திக்கு முன்னால் கேட்டால் கிடைக்கும் பதில் வேறு: போரிவோயே வேலையை விட்டுப் போன மறுநாள் காலை ஆறு மணிக்கு மூலத்துக்காரர்களின் பதினேழு புது வெளியீடுகள் வந்தன. இயந்திரம் இருட்டறையில் தானே விழித்து, பதினேழையும் ஒரு பிழையின்றிக் கட்டி முடித்தது, அன்றிலிருந்து இன்றுவரை ஒருநாளும் தவறவில்லை.