பத்தாவது இழுவை

காலை ஒன்பது நாற்பதுக்கு அந்தச் சத்தம் கேட்டது. ஒரு செருப்பு மெல்லத் தரையைத் தொட்டது. அடுத்தது பட்டென்று அறைந்தது. மறுபடியும் அதே போல.

திரைக்குப் பின்னால் பெல்ட்டை உதறிக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் நிமிர்ந்து பார்க்கவில்லை. யாரோ புது ஆள் என்று நினைத்தாள். திரையை விலக்கிக்கொண்டு வந்து நின்றது நாற்பத்தேழு.

நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸைப் பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவர். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொன்னார்கள். இடுப்பில் டிஸ்க் பிதுங்கி, வலது காலுக்குப் போகும் நரம்பை அழுத்திக்கொண்டிருந்தது. முதுகெலும்பை மெஷின் வைத்து இழுத்து அந்த நரம்புக்கு இடம் விடுவது அவள் வேலை. பத்து முறை இழுக்க வேண்டும். இன்று பத்தாவது.

"வலி பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு மேடம்."

எழுதிக்கொண்டாள். முதல் நாள் எட்டு. அப்புறம் ஏழு, ஏழு, ஆறு, ஐந்து, ஐந்து, நான்கு, மூன்று, மூன்று. இன்று இரண்டு. ஒரு நாளும் ஏறவில்லை. அந்த எண்களைக் கோடாக வரைந்து மெஷினுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கும் கோடு. தலைமை டாக்டர் கண்ணில் படவேண்டும் என்றுதான் அங்கே ஒட்டினாள்.

தலைமை டாக்டருக்கு இந்த மெஷின் ஆகாது. "இழுத்து இழுத்து ஆளு அரை இஞ்சு உயரமானதுதான் மிச்சம்" என்பார். உடற்பயிற்சியே போதும், இதைத் தூக்கி ஸ்டோரில் போட்டுவிட்டு இரண்டு கட்டில் போடலாம் என்று ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஷின் இருக்கட்டும் என்று அவள் ஒற்றைக் காலில் நின்றாள். "சரி, ஒரே ஒரு ஆளைக் குணமாக்கிக் காட்டும்மா, அப்புறம் பேசலாம்" என்று போன மாதம் முடித்துவிட்டார். அந்த ஒரே ஒரு ஆள்தான் நாற்பத்தேழு.

"ஏறிப் படுங்கண்ணா."

அவர் கட்டிலைப் பிடித்து, இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கிப் போட்டுக்கொண்டார். அவள் பெல்ட்டின் ஒட்டு பிடிக்காமல் மூன்றாவது தடவையாக அழுத்திக்கொண்டிருந்தாள். புது பெல்ட் கேட்டு நான்கு கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை. ஊக்கு குத்தினாள்.

மார்புக்கு ஒரு பெல்ட். இடுப்புக்கு ஒன்று. முழங்காலை மடக்கி ஸ்டூல் மேல் கால். முப்பது கிலோ. நாற்பது விநாடி இழுக்கும், பத்து விநாடி தளரும். இருபது நிமிஷம். கையில் ஒரு பொத்தான் கொடுத்தாள். வலி தாங்கவில்லை என்றால் அதை அமுக்கினால் மெஷின் நின்றுவிடும். ஒன்பது நாளில் அவர் ஒரு முறைகூட அமுக்கியதில்லை.

"இதுவும் பிரேக் மாதிரிதானே மேடம். சும்மா சும்மா மிதிக்கக் கூடாது."

"மிதிக்க வேண்டிய நேரத்துல மிதிக்கணும்ல?"

"பத்தொம்பது வருஷத்துல ஒருத்தர் மேல உரசுனது இல்ல."

மோட்டார் முனகியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

வெளியே பெஞ்சில் அவர் மனைவி ஒரு காகிதத்தோடு உட்கார்ந்திருந்தாள். டிப்போ கொடுத்த படிவம். இன்று பன்னிரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும். கையெழுத்து இருந்தால் நாளைக் காலை ஐந்து பத்துக்கு முதல் டிரிப். இல்லாவிட்டால் டிரைவர் சீட் வேறு ஆளுக்கு. இவருக்கு டிப்போ வாசலில் ஒரு நாற்காலி, வருகிற போகிற வண்டி நம்பரை எழுதும் வேலை. 'சிகிச்சை முடிவில் வலி அளவு இரண்டுக்கு மேல் இருத்தல் கூடாது' என்று நடுவில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

"ரெண்டுதான் சொன்னார்" என்றாள் பிசியோதெரபிஸ்ட், படிவத்தை வாங்கிப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தபடி.

"சொல்லுவாரு. சொல்றதுக்கு என்ன, வாய் இடுப்புலயா இருக்கு?"

பேனா நின்றது.

"என்ன சொல்றீங்க?"

"கட்டில்ல படுக்கறதே இல்லம்மா. தரையில கிடந்து, காலைத் தூக்கி நாற்காலி மேல போட்டுக்கிட்டு, பல்லக் கடிச்சிக்கிட்டு இருப்பாரு. 'உங்க மெஷின் என்னதான் பண்ணுது'ன்னு கேட்டா, 'பொம்பளைங்களுக்கு மெஷின் பத்தி என்ன தெரியும்'ங்கறாரு. மெஷினை ஓட்டுறதே ஒரு பொம்பளதான்னு சொன்னேன். அதுக்கு ஒரு முறைப்பு."

"எத்தனை நாளா?"

"மொதல்லேர்ந்தே இப்படித்தான். ஆனா இந்த நாலு நாளா வலின்னு முனகல. அதுக்குப் பதிலா செருப்பு கழண்டு கழண்டு விழுது. விழுந்தது தெரியாமலே நடந்துடறாரு. நேத்து தெருமுனை வரைக்கும் ஒத்தச் செருப்போட போயிருக்காரு. நான்தான் எலாஸ்டிக் வெச்சுத் தச்சுக் குடுத்தேன்."

பிசியோதெரபிஸ்ட் எழுந்த வேகத்தில் படிவம் கீழே விழுந்தது.

கட்டிலுக்கு அடியில் அந்தச் செருப்பு கிடந்தது. வலது செருப்பில் கறுப்பு எலாஸ்டிக், நெருக்கமான தையல். பாதம் தூக்க வராமல் தரையில் அறைந்த இந்தச் செருப்பைத்தான் இன்று காலை காதால் கேட்டாள். கேட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

மெஷினில் இன்னும் எட்டு நிமிஷம் பாக்கி. நிறுத்தினாள். கயிறு தளர்ந்தது.

"முடிஞ்சிருச்சா மேடம்? சீக்கிரமா இருக்கே."

"அப்படியே இருங்க."

வலது கால் கட்டைவிரல் மேல் ஒரு விரலை வைத்தாள்.

"இதைத் தூக்குங்க. என் விரலைத் தள்ளிக்கிட்டு மேல கொண்டு வாங்க."

அவர் முகம் இறுகியது. தொடை இறுகியது. இடது கால்கூட இறுகியது. கட்டைவிரல் அசையவில்லை.

"தூக்குங்கண்ணா."

"தூக்கிட்டுத்தானே இருக்கேன்."

முதல் நாள் இதே விரல் அவள் விரலைப் பலமாகத் தள்ளியது. நன்றாக நினைவிருந்தது. ஒவ்வொரு முறை இழுப்பதற்கு முன்பும் இதைச் சோதிக்க வேண்டும். முதல் நாள் சோதித்தாள், இரண்டாம் நாளும். அப்புறம் எண் இறங்க ஆரம்பித்துவிட்டது. இறங்குகிற எண்ணைப் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

"எனக்கு ஏன் பொய்யா நம்பர் சொன்னீங்க?"

அவர் பொத்தானைக் கையிலிருந்து கட்டில் மேல் வைத்தார்.

"பொய் இல்ல மேடம். டிரிப் ஷீட் எழுதறோம்ல, அந்த மாதிரி. வண்டி எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஷீட்டுல அதுக்குன்னு இருக்கற நேரத்தைத்தான் எழுதணும். நெஜத்தை எழுதினா விளக்கம் கேட்டு மெமோ வரும். பத்தாவது நாள் ரெண்டுன்னு பேப்பர்ல போட்டிருக்கான். அதுக்கு ஏத்தாப்புல கொஞ்சம் கொஞ்சமா இறக்கிட்டு வந்தேன். ஒரேயடியா இறக்கினா நீங்க நம்ப மாட்டீங்கன்னு."

"இது பஸ் இல்லண்ணா."

"தெரியுது மேடம். எப்படியும் பத்து நாள்ல சரியாயிடும், நாம சொன்ன நேரத்துக்கு வண்டியும் வந்துடும்னு நெனச்சேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா இன்னைக்கு மட்டும் நெஜமாவே ரெண்டு. சத்தியமா. காலையில எழுந்ததுலேர்ந்து வலியே தெரியல."

அதுதான் மோசம். வலி குறைந்தது டிஸ்க் உள்ளே போனதால் அல்ல. நரம்பு செயலிழந்து, கத்துவதை விட்டுக்கொண்டிருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஊக்கைக் கழற்றினாள். விரலில் குத்திக்கொண்டாள்.

போனை எடுத்துத் தலைமை டாக்டரைக் கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மூன்றாம் முறை எடுத்தார். கால் கட்டைவிரல் செயலிழந்துவிட்டது, ஸ்கேன் இன்றைக்கே வேண்டும், ஆபரேஷன் பண்ணுகிறவர் உடனே பார்க்க வேண்டும் என்றாள்.

"யாரு? உங்க சுவத்துல இறங்கிட்டே இருக்காரே, அவரா?"

"ஆமா சார்."

"வீல்சேர்ல கொண்டு வாங்க. நடக்க விடாதீங்க."

போனை வைத்தாள். மனைவி திரையருகே வந்து நின்றிருந்தாள். கீழே விழுந்த படிவத்தை எடுத்து, மடிப்பை நீவி, கையில் வைத்திருந்தாள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கட்டில் மேலேயே வைத்தாள்.

பிசியோதெரபிஸ்ட் அதை இழுத்து எழுதினாள். வலது கால் கட்டைவிரல் தூக்கும் சக்தி இல்லை. பஸ் ஓட்டத் தகுதியில்லை. கையெழுத்துப் போட்டாள். தேதி போட்டாள். பேனா மை இரண்டு இடத்தில் எழுதாமல் அடம்பிடித்தது. அழுத்தி எழுதினாள்.

அவர் தலையைத் தூக்கி அதைப் படித்தார். பெல்ட் இன்னும் மார்பில் இருந்தது. அதற்கு மேல் எழ முடியவில்லை. படித்துவிட்டுச் சுவரில் ஒட்டியிருந்த கோட்டைப் பார்த்தார்.

"மெமோ போட்டுட்டீங்க."

"சீக்கிரம் பார்த்தா கால் திரும்பி வர வாய்ப்பு இருக்கு. கொஞ்சம் தாமதமானாலும்..."

"நாலு நாளா விரல் இப்படித்தான் மேடம் இருக்கு."

"என்கிட்ட சொல்லியிருக்கணும்."

"இந்த நாலு நாளா நீங்க விரலைப் பத்திக் கேக்கவே இல்லையே. பத்துக்கு எத்தனைன்னுதான் கேட்டீங்க."

"என்னங்க, சும்மா இருங்க" என்றாள் மனைவி.

அவர் சும்மா இருக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. நிறுத்தத்தில் ஏறுகிற ஆளிடம் பேசுவது போலத்தான் கேட்டார்.

"மொத ரெண்டு நாளுக்கு அப்புறம் நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டீங்க. இன்னைக்கு மட்டும் ஏன் மேடம் தொட்டுப் பார்த்தீங்க?"