ரோண்டாவின் சூரியன்

என் தங்கை ரோண்டா சூரியனை மாற்ற மறந்துவிட்டாள். இவ்வளவுக்கும் காரணம் அதுதான்.

ஓவர்ஷோருக்குள் போய்வராதவர்களுக்கு நான் சொல்வது கிறுக்குத்தனமாகத் தோன்றும். அது கணினிக்குள் இருக்கும் உலகம். வேலை முடிந்து வீட்டில் உட்கார்ந்தபடி ஆட்கள் அதற்குள் தீவு கட்டுகிறார்கள், ஊர் கட்டுகிறார்கள். மற்றவர்கள் ஒரு பொம்மை உருவத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சுற்றிப் பார்க்கிறார்கள். தீவு எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் சூரியன் அவரவர் கணினியில் இருக்கிறது. ஒரே பாலத்தில் நிற்கும் இரண்டு பேரில் ஒருத்திக்கு விடியலாகவும் இன்னொருத்திக்கு மழைக்கால மத்தியானமாகவும் இருக்கலாம். தீவின் சொந்தக்காரர் நினைத்தால் வருகிற எல்லோருக்கும் ஒரே சூரியனைப் போடலாம், ஆனால் அநேகமாக யாரும் போடுவதில்லை. படம் எடுக்கிறவர்கள் தங்களுக்கு வேண்டிய வெளிச்சத்தைப் போட்டுக்கொண்டு எடுப்பார்கள். முடிந்ததும் பழையபடி மாற்றிவிட்டுக் கிளம்ப வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்புவது மாதிரி ஒரு பழக்கம்.

ரோண்டா இங்கே டுலூத் என்ற எங்கள் ஊரில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி ஏற்றும்வரை அவளுக்கு வேலை இல்லை. அந்த நேரத்தில் யாரும் போகாத தீவுகளாகத் தேடிப் போய்ப் படம் எடுப்பாள். எங்கள் வலைப்பதிவில் அந்தப் படங்களுக்குக் கீழே எழுதுவது நான். நான் அந்த இடங்களுக்குப் போவது அபூர்வம். என் மடிக்கணினி கிழடு, அதன் மூச்சிரைப்பு அடுத்த அறைவரை கேட்கும். அதோடு படத்தைப் பார்த்தாலே எழுத வராதா என்ற திமிரும் எனக்கு உண்டு.

அன்று அவள் முதலில் போனது கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்துக்கு. அதற்குப் பொருத்தமாக நிறமே இல்லாத, கறுப்பு வெள்ளையான வெளிச்சத்தைப் போட்டிருக்கிறாள். எடுத்து முடித்த கையோடு பெல்ஹார்பர் என்ற தீவுக்குத் தாவினாள். அது ஒரு துறைமுக ஊர். குறுகலான சந்துகள், ஒரு தேவாலயம், குன்றின் மேல் ஒரு கலங்கரை விளக்கம். ஆள் நடமாட்டமே கிடையாது. திரும்பி வந்து என்னிடம் போனில் உருகினாள்.

"டார்லா, அந்த ஊரப் பாத்தா நீ அழுதுடுவடி. முழுக்க சாம்பல் நிறம். படகுத் துறையில எறங்கினேன், கால் தானா மேல லைட்ஹவுஸுக்குப் போயிடுச்சு. ஒரு எடத்துலகூட நின்னு யோசிக்கல."

நான் ஹார்டுவேர் கடையில் பெயிண்ட் கலக்குகிறவள். சாம்பல் நிறம் வேண்டும் என்று யாராவது வந்து நின்றால், எந்தச் சாம்பல் என்று கேட்டு அவர்களை அழவைக்கிற ஆள். ரோண்டாவின் படங்களைப் பார்த்ததும் உண்மையிலேயே வாயடைத்துப்போனேன். ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நடுவே இந்த ஊரைக் கட்டிய ஆள் அரைக் கரண்டி கறுப்புதான் கூட்டியிருக்கிறார், அதிலேயே தெரு ஆழமாகிவிடுகிறது என்று எழுதினேன். இப்படி ஒரு கண் இருக்கிறவருக்கு நான் கடையைத் திறந்து கொடுத்துவிடுவேன் என்றும் எழுதினேன். ரோண்டாவின் கால் தானாகக் கலங்கரை விளக்கத்துக்குப் போனதையும் சேர்த்துக்கொண்டேன்.

பதிவு பிய்த்துக்கொண்டு போனது. அன்று சாயங்காலமே தீவின் சொந்தக்காரர் அதன் கீழே நாலு வரி போட்டிருந்தார். லைல் என்று கையெழுத்து. 'இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. மனைவியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். இரண்டாவது தடவையும் வாசிக்கச் சொன்னேன். நன்றி.'

மறுநாள் ஆரம்பித்தது கூத்து.

'எந்தச் சாம்பல்? கிளி வாந்தி எடுத்த மாதிரி இருக்கிறது' என்று முதல் ஆள் எழுதினார். அடுத்தவர் படமே போட்டுவிட்டார். ரோஜா நிறத் தேவாலயம். மஞ்சள் கடல். துறையில் நிற்கும் நாய் பச்சை. இன்னொருவர், 'வழிகாட்டிப் பலகை ஒன்றுகூட இல்லை, அரை மணி நேரம் சுற்றியும் கலங்கரை விளக்கத்துக்கு வழி தெரியவில்லை' என்று எழுதினார். கும்பல் கும்பலாகப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள். சிலர் அந்தப் பச்சை நாயோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

ரோண்டா பதறியடித்துக்கொண்டு திரும்பப் போய்ப் பார்த்தாள். போன பிறகுதான் ரயில் நிலையத்து வெளிச்சம் ஞாபகம் வந்திருக்கிறது. அவள் எங்களிடம் காட்டியது பெல்ஹார்பர் இல்லை; தன் கணினியில் அணைக்க மறந்த சூரியன்.

"சினிமாக் கொட்டகைக்குள்ள கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டுப் போயி, படம் இருட்டா இருக்குன்னு சண்டை போட்டவதான நீ" என்று நான் கத்தினேன்.

"நீ மட்டும் என்ன? போய்ப் பாக்காமயே கடையத் திறந்து குடுக்கறேன்னு எழுதினல்ல?"

எனக்குக் கோபம் வந்தது என் மேல்தான். அவள் பக்கத்தில் இருந்ததால் அவளுக்குக் கிடைத்தது.

வியாழக்கிழமை தீவின் வாசல் மூடிவிட்டது. உள்ளே போக முயன்றால் 'அனுமதி இல்லை' என்று வந்தது. ரோண்டா மன்னிப்புக் கேட்டு எழுதினாள், பதில் இல்லை. முன்பின் தெரியாத ஒரு மனிதனை நாங்கள் தோளில் தூக்கிவைத்து, ஊரே பார்க்கும்போது கீழே போட்டுவிட்டோம். மனைவியைக் கூப்பிட்டு இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாரே. அவர் கோபத்தில் அந்த ஊரையே அழித்துவிட்டிருப்பார் என்று ரோண்டா நம்பினாள். ஓவர்ஷோரில் அதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து ஒரு வரி வந்தது. 'நாளை மத்தியானம் இரண்டு பேரும் தீவுக்கு வாருங்கள். ஒன்று கேட்க வேண்டும்.'

சனிக்கிழமை ரோண்டா ஹாட்டிஷ் பாத்திரத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். பயம் வந்தால் சமைப்பாள். மாட்டிறைச்சிக்கு மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி வேகவைத்த அந்தப் பாத்திரத்தை மேசை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் மடிக்கணினிகளைத் திறந்துவைத்தோம்.

"நீயே பேசு" என்றாள்.

"சூரியன விட்டது யாரு?"

"எழுதினது யாரு?"

இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனோம்.

ஊர் அழியவில்லை. முதல் தடவையாக நான் அதை நேரில் பார்த்தேன். சொல்லக்கூடாதுதான், ஆனால் கண் கூசியது. ஊதாக் கூரைக்குப் பக்கத்தில் தக்காளிச் சுவர், அதற்குப் பக்கத்தில் பாசிப் பச்சை. எந்த வாடிக்கையாளர் கேட்டாலும் நான் கலக்கிக் கொடுக்க மறுத்திருப்பேன். துறையில் மழைக்கோட்டு போட்ட ஒரு நீர்நாய் நின்றுகொண்டிருந்தது. கறுப்புக் கண்ணாடி வேறு. அதுதான் லைல்.

"வந்துட்டீங்களா" என்றது அவருடைய குரல். கேப் பிரெட்டன் என்ற கடலோரப் பக்கத்துப் பேச்சு, வயது அறுபதாவது இருக்கும். "ரோண்டா, ஒண்ணு கேக்கறேன், உள்ளதச் சொல்லுங்க. அந்தப் படத்த எடுத்தப்புறம் ஏதாச்சும் பண்ணீங்களா?"

ரோண்டா என்னைப் பார்த்தாள். நான் ஹாட்டிஷைப் பார்த்தேன்.

"எடுத்தப்புறம் ஒண்ணும் பண்ணல. எடுக்கறதுக்கு முன்னாடிதான்..." என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ரயில் நிலையம், கறுப்பு வெள்ளை, மறதி. "நான் பாத்தது உங்க ஊரே இல்ல. வேணும்னு பண்ணல லைல், சத்தியமா. மன்னிச்சிடுங்க."

நீர்நாய் அசையவில்லை.

"அப்போ நீங்க கலரே இல்லாம பாத்தீங்க" என்றார்.

"ஆமாங்க."

"தலையிலேர்ந்து கால்வரைக்கும் கலரே இல்லாம."

"ஆமா."

"அட, அதுதாங்க என் ஊரு!" என்று அவர் போட்ட சத்தத்தில் என் கணினியின் ஒலிபெருக்கி கரகரத்தது.

பிறந்ததிலிருந்தே அவருக்கு நிறம் தெரியாதாம். சிவப்புக்கும் பச்சைக்கும் குழம்புகிற ரகம் இல்லை; எந்த நிறமும், ஒன்றுகூட, தெரியாது. அதோடு வெளிச்சமும் ஆகாது. பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருப்பாராம். ஓவர்ஷோரில் மட்டும்தான் சூரியன் அவர் சொல்பேச்சைக் கேட்டது. அங்கேதான் அவர் முதன்முதலாக நடுப்பகலில் ஒரு கடற்கரையில் நின்று கண்ணைச் சுருக்காமல் பார்த்திருக்கிறார்.

"அப்புறம் எதுக்கு இத்தன கலரு?" என்று நான் கேட்டுவிட்டேன். ரோண்டா மேசைக்கடியில் உதைத்தாள்.

"கலர் இல்லாம விட்டா கண்டுபிடிச்சிடுவாங்கன்னுதான். பள்ளிக்கூடத்துல ரெண்டு கால்லயும் வேற வேற சாக்ஸ் போட்டுக்கிட்டுப் போயி பட்டதே போதும். அதனால எவ்வளவு கறுப்பு வேணுமோ அதப் பாத்து, கலர்ப் பெட்டியில அதுக்குச் சரியா எது இருந்துச்சோ எடுத்துப் போட்டேன். நல்லா இல்லையோ?"

"நல்லாத்தான்..." என்று ரோண்டா இழுத்தாள்.

"நாய் பச்சை, லைல்" என்றேன் நான்.

"பச்சையா? நாயா?"

"கடல் மஞ்சள். தேவாலயம் ரோஜா நிறம். பாதிரியார் பாத்தா வேலைய விட்டுடுவாரு."

அவர் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார். பின்னால் ஒரு பெண் குரல் என்னவென்று கேட்க, "நம்ம நாய் பச்சையாம், பெர்னாடெட்! நீ சொல்லவேயில்லையே!" என்று கத்திச் சொல்வது கேட்டது. என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ரோண்டா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல் குலுங்கினாள்.

"அப்போ எங்க மேல கோவத்துல வாசல மூடலையா?" என்று கேட்டாள்.

"கோவமா? கலரப் பாத்துச் சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, அது எனக்குப் பழக்கம்தான். வழி தெரியலன்னு எழுதினாங்க பாருங்க, அதுதான் தூங்கவிடல. நான் வழிய தரையிலயே போட்டிருக்கேன். துறையிலேர்ந்து விளக்குவரைக்கும் வெளிர் கல்லு, மத்ததெல்லாம் அடர்த்தி. இருட்டுலகூடத் தப்பாது. உங்களுக்கு மட்டும் கால் தானா போச்சுன்னு எழுதியிருந்துச்சு. அப்போ மத்தவங்களுக்கு ஏன் போகல? வாசல மூடிட்டு ஒவ்வொரு கல்லா பாத்துக்கிட்டிருக்கேன். எனக்கு ஒரு தப்பும் தெரியல."

நான் குனிந்து தரையைப் பார்த்தேன். இளஞ்சிவப்புக் கல், வெளிர் பச்சைக் கல், எலுமிச்சைக் கல். அவற்றைச் சுற்றிலும் கருஞ்சிவப்பு, கரும்பச்சை, நீலம். எல்லாம் கலந்து கொட்டிய மிட்டாய் மாதிரி கிடந்தன. இத்தனை வருஷமாகப் பெயிண்ட் கலக்கும் எனக்கும் அதில் வழி தெரியவில்லை.

"உங்க கல்லுல தப்பே இல்ல" என்றேன். "எங்க கண்ணுதான் கலரப் பாத்துட்டு அங்கயே நின்னுடுது. எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர்த்தின்னு பாக்கறதேயில்ல."

ரோண்டா நிமிர்ந்தாள். "லைல், நீங்க தீவுக்காரர். உங்க வெளிச்சத்த வர்ற எல்லாருக்கும் போடலாமில்ல? என் ரயில் நிலையத்து வெளிச்சத்த அனுப்பட்டுமா?"

"அனுப்பினா எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிடுமே, எனக்குக் கலர் தெரியாதுன்னு" என்றார். பிறகு அவரே, "தெரியட்டும், போ. பச்சை நாய விடவா மானம் போயிடும்?" என்றார்.

அவள் அனுப்பினாள். அவர் அதை எங்கே போடுவது என்று தேடுவதும், மனைவி பின்னாலிருந்து வழி சொல்வதும், அவர் எரிந்து விழுவதும் கேட்டன.

அப்போது என் திரையில் நிறம் போனது. மஞ்சள் கடல் ஈயமானது. தேவாலயம் எழுந்து நின்றது. தெருக்கள் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று ஆழமாயின. நாய் வெறும் நாயாக, ரொம்ப நல்ல நாயாக, படகைப் பார்த்துக்கொண்டு நின்றது. ரோண்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொத்தான அமுக்கிட்டேன்" என்றார் லைல். "ஆச்சா? எனக்கு ஒண்ணும் மாறல."

அவருக்கு எப்படி மாறும்?

"ஆச்சு லைல்" என்றாள் ரோண்டா.

"டார்லா, நீங்க இதுவரைக்கும் மேல வந்ததில்லையே. வாங்க பாப்போம். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்று சொல்லிவிட்டு நீர்நாய் சட்டென்று மறைந்தது.

என் கிழட்டுக் கணினி இரைய, என் பொம்மையை நடத்தினேன். காலடியிலிருந்து வெளிர் கற்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பி, சந்துக்குள் நுழைந்து, தேவாலயத்தைச் சுற்றி மேலேறின. ரோண்டா வாயைத் திறக்கவில்லை. எனக்கு யாரும் வழி சொல்லவும் வேண்டியிருக்கவில்லை. எந்தத் திருப்பத்திலும் நான் நிற்கவில்லை. குன்றின் மேல் கலங்கரை விளக்கத்தடியில் ஒரு பெஞ்சு இருந்தது. அதில் அவர் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரிஞ்சுது லைல்" என்றேன்.