தனி அடுப்பு

மூன்று மணிக்கு அவள் மறுபடியும் 'டாக்டர்கள்' பொத்தானை அழுத்தினாள். திரையில் வட்டம் சுற்றியது. சரியாகப் பத்து விநாடி. பிறகு, 'இணைப்புக்காகக் காத்திருந்து நேரம் முடிந்தது.'

நான்கு மணிக்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் தங்களுக்கான மென்பொருளைப் பார்க்க வருகிறார்கள். அதில் முன்பதிவுக்கான நிரல்தொகுப்பு, அதாவது பேக்கேஜ், அவளுடையது, மருந்தகம் அவள் கணவனுடையது. டேட்டாபேஸிலிருந்து டாக்டர், நோயாளி, மருந்து விவரங்களை எடுத்துத்தரும் மாடல்களையெல்லாம் பொதுவான ஒரு பேக்கேஜில் வைத்து இரண்டும் பகிர்ந்துகொள்ளும்படி அவன்தான் எழுதியிருந்தான். இது ஓடாவிட்டால் பழையபடி பிரித்துவிட்டு, மருந்தகக் குழுவை வேறு ஊர்க் கிளைக்கு அனுப்புவதாக மேலாளர் சொல்லிவிட்டார். கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகிறது.

மேலாளருக்கு அலுவலகத்தில் வைத்த பெயர் 'கடிகாரம்'. வந்து அவள் பின்னால் நின்றார்.

"மூணு அஞ்சும்மா."

"பாத்துட்டிருக்கேன் சார்."

"நானும் அதைத்தான் பாத்துட்டிருக்கேன்," என்று மணிக்கட்டைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

டேட்டாபேஸ் இணைந்துவிட்டது என்றுதான் சர்வர் பதிவேடு சொன்னது. பிறகு ஏன் காத்திருக்கிறது? பேக்கேஜில் என்னென்ன இறங்கியிருக்கிறது என்று பட்டியல் எடுத்துப் பார்த்தாள். டேட்டாபேஸோடு பேசும் லைப்ரரி இரண்டு இடத்தில் இருந்தது. அவளிடம் புதியது. பொதுப் பேக்கேஜுக்குள் பழையது.

நேற்று இணைப்பை யார் திறப்பது என்று அவளுக்கும் கணவனுக்கும் வாக்குவாதம். "என்கிட்ட மாடல் மட்டும்தான், திறக்கிறது உன் வேலை," என்றான். "சரிங்க சார்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டவள், அந்த எரிச்சலில் லைப்ரரியைப் புது வெர்ஷனுக்கு மாற்றியிருந்தாள். அவனிடம் சொல்லவில்லை. அவள் புதியதில் கதவைத் திறந்துவைத்திருக்க, அவன் மாடல்கள் பழையதன் மூடிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தன.

பேசாமல் பழையதற்கே மாற்றிவிடலாம். யாருக்கும் தெரியாது. அதற்குள் கணவனின் மேஜைப் பக்கமிருந்து கடிகாரத்தின் குரல் கேட்டது. "உங்க பொதுப் பேக்கேஜ்தான் தகராறு. நான் அப்பவே சொன்னேன்." அவன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

அவள் எழுந்து போனாள். "தப்பு என்னோடது சார். இவருக்குத் தெரியாம லைப்ரரியை மாத்திட்டேன்."

அவன் நிமிர்ந்தான். "எப்ப?"

"நேத்து. கோவத்துல."

"கோவம் வந்தா சமைக்க மாட்டாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். வெர்ஷன் மாத்துறதை இப்பதான் பாக்கறேன். கூட்டுக் குடித்தனம்னு சொல்லிட்டு தனி அடுப்பு மூட்டியிருக்கே."

"உங்க பேக்கேஜுக்கு மட்டும் எதுக்குங்க சொந்தமா ஒரு லைப்ரரி? அதைப் பயன்படுத்தறவங்க வச்சிருக்கிறதையே எடுத்துக்க வேண்டியதுதானே. நாளைக்கு வேற யாராவது மாத்தினாலும் இதே கதைதான்."

அவன் விசைப்பலகையை இழுத்துத் தன் லைப்ரரியை நீக்கினான். பொதுப் பேக்கேஜை மறுபடி வெளியிட்டு, இருவரும் தங்கள் பக்கத்தில் புதிதாக நிறுவி முடித்தபோது கடிகாரம், "மூணு அம்பத்தொண்ணு," என்றது.

டாக்டர்கள் பெயர் வரிசையாக வந்து விழுந்தது. மருந்தகம் பாக்கி இருந்தது. அவன் அழுத்தினான். வட்டம் சுற்றியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நான்கில் மருந்துப் பட்டியல் திரையை நிறைத்தது.

மேலாளர் குனிந்து இரண்டு வரி படித்துப் பார்த்தார். "கிளைக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன், யாரும் வரலைன்னு," என்றவர், பார்வையைத் தாழ்த்தி, "அந்தச் சட்டையை விடும்மா, கிழிஞ்சிடப் போகுது," என்றார்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். கணவனின் சட்டைக்கை நுனி அவள் விரல்களுக்குள் கசங்கிக் கிடந்தது. விடவில்லை.