ஒரு அடுப்புக்கு மட்டும் மணல்

மணக்காட்டில் பத்மகுமார் சார் வீட்டு முற்றத்துக்கு சீலர் அடித்தவள் நான். ரெண்டு கோட்டும் என் கைதான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. பிறகு வந்த ரகளைக்கெல்லாம் தொடக்கம் என் வாய்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பேர் மாடம்மாள். ஊர் வள்ளியூர்ப் பக்கம். கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்து இருபது வருஷமாகிறது. மணக்காட்டை ஒட்டிக் கரிமடத்தில் ஒரு சந்தில் வாடகை வீடு. கான்ட்ராக்டர் ஷைஜுவிடம் வேலை பார்க்கிறேன். அவன் ஆட்கள் முற்றத்தில் கல் பதித்துவிட்டுப் போவார்கள். நான் பின்னால் போய் அந்தக் கல்லுக்கு மேல்பூச்சு பூசுவேன். கல் பார்க்கத்தான் கெட்டி. ஒரு சொட்டு எண்ணெய் விழுந்தால் உறிஞ்சிக்கொண்டு ஆயுசுக்கும் விடாது. சீலர் அடித்துவிட்டால் எதையும் உள்ளே இழுக்காது, தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக மேலேயே நிற்கும். கேட்க லேசாக இருக்கும். ஆனால் கல்லைக் கழுவி, முழுசாகக் காயவிட்டு, அதற்குப் பிறகுதான் ரோலரை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு பூசினால் ஈரம் அடியில் மாட்டிக்கொண்டு கல் வெளுத்துப் போகும். அப்படி வெளுக்க வைத்துவிட்டு வெயில் மேல் பழியைப் போட்ட ஆண்பிள்ளைகள் நாலு பேரை எனக்குத் தெரியும். என் கையில் ஒரு முற்றமும் வெளுத்ததில்லை.

பத்மகுமார் சார் பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர். பூர்வீகம் நாகர்கோவில், தமிழ் பேசுவார். மகன் துபாயில். வீட்டில் அவரும் மருமகள் ஷில்பாவும்தான். போன வருஷம் வரை அந்த முற்றம் வெறும் மண். இப்போது தாண்டூர் கல். கல்லுக்கு நடுவே பிளாஸ்டிக் புல் வைக்க வேண்டாம் என்று சொன்னார், அதுதான் அவர் சொன்னதில் நல்ல புத்தி. மற்றபடி கல் பளபளவென்று ஈரம் சொட்டுகிற மாதிரி மின்ன வேண்டும் என்று ஒரே பிடி. மினுக்கு சீலர் சூடு தாங்காது, மழையில் வழுக்கும் என்று சொன்னேன். நான் சொல்வதை அவர் கேட்டால்தானே.

வேலை முடித்து ஒப்படைக்கும்போது வீட்டுக்காரரை நிற்கவைத்துப் பத்தியம் சொல்வது என் வழக்கம். ஆஸ்பத்திரியில் இருந்து பிள்ளையைக் கொடுத்தனுப்புகிற நர்ஸ் மாதிரி சொல்வேன். அன்றைக்கும் சொன்னேன். ஆசிட் ஊற்றக் கூடாது. எண்ணெய் சிந்தினால் அப்போதே துடைக்க வேண்டும். இரும்புச் சாமானை இழுக்கக் கூடாது. தீ ஆகவே ஆகாது, ஒரு சாம்பிராணிச் சட்டியைக்கூட வெறுங்கல்லில் வைக்கக் கூடாது.

இதை நான் சொன்ன அன்றைக்கு ஆற்றுகால் அம்மன் கோயில் திருவிழாவுக்குக் காப்புக்கட்டு. தெருமுனை ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருக்கிறது. எட்டு நாள் கழித்துப் பொங்காலை, ஊர்ப் பெண்களெல்லாம் திறந்தவெளியில் அடுப்புக் கூட்டி அம்மனுக்குப் பொங்கல் வைக்கிற நாள். கேட்டுக்கொண்டேதான் சொன்னேன். வேலைத் திமிரில் இருக்கும்போது மனுஷிக்குக் காது வேலை செய்யாது போலிருக்கிறது.

ஏனென்றால் அந்த முற்றத்தில்தான் எங்கள் சந்துப் பெண்கள் பத்தொன்பது பேர் பதினோரு வருஷமாகப் பொங்காலை போடுகிறோம். பொங்காலை அன்றைக்கு இந்த ஊரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தம்பானூரில் இருந்து கோட்டை வரைக்கும், அதற்கு அப்பாலும் ரோடெல்லாம் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்பு. நாலைந்து நாள் முன்பே கல்லை வைத்து, சாக்பீஸில் பேரெழுதி இடம் பிடித்துவிடுவார்கள். பத்து மணி வெயிலில் தார் ரோடு பழுத்துக் கிடக்கும். பக்கத்து வீட்டு ஜானவி, பழவங்காடியில் பூ கட்டுகிறவள், அப்படி ரோட்டில் போட்ட ஒரு வருஷம் தலைசுற்றி அடுப்பின் மேலேயே விழுந்தாள். இன்றைக்கும் அவளுக்கு இடது முழங்கைவரை தழும்பு. அதற்குப் பிறகுதான் சாரின் சம்சாரத்திடம் போய்க் கேட்டோம். அந்த அம்மா அப்போது உயிரோடு இருந்தார்கள், சரி என்றார்கள். மாமரத்து நிழல், கைக்கெட்டுகிற தூரத்தில் குழாய். எங்களுக்கு அந்த ஒரு நாளைக்கு அதுதான் அரண்மனை.

ஒப்படைத்த மூன்றாம் நாள் ஜானவி செங்கல்லோடு இடம் பிடிக்கப் போனாள். போன வேகத்தில் திரும்பி வந்தாள். செங்கல்லை என் வாசலில் பொத்தென்று போட்டாள்.

"கேட்டுல போர்டு மாட்டியிருக்காரு. புது கல்லாம், தீ கூட்டக் கூடாதாம். பணி செய்த ஆளு அறியிச்சதுன்னு கீழ மலையாளத்துல எழுதியிருக்கு. அந்த ஆளு யாருடீ? நீதானே?"

என் வாயில் வந்ததை அப்படியே அச்சடித்து மாட்டியிருக்கிறார்.

நேரே போனேன். சார் முற்றத்தில் நாற்காலி போட்டுக் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் என்னத்த சொல்ல மாடம்மா, நீயாக்கும் சொன்னது. தீ ஆகாதுன்னு. ஞான் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

"வெறுங்கல்லுலதான் ஆகாதுன்னேன் சார். நாலு விரல் கனத்துக்கு மணல் விரிச்சு, அதுக்கு மேல செங்கல் பரத்தி, அப்புறம் அடுப்பு கூட்டினா கல்லுக்குச் சூடே தெரியாது. நான் பண்ணித் தாரேன்."

"அதெல்லாம் சரியாகாது கேட்டியா. ரோடு கெடக்கே, வேண்டிய இடம் உண்டே."

அதோடு பேச்சு முடிந்தது. சந்தில் எவளும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. ரோட்டில் இடம் தேடிப் போனவர்கள் கோட்டை வரை நடந்துவிட்டு வந்தார்கள். எல்லா இடமும் முன்பே போயிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. நான் பூசிய கல்தான் என் ஆட்களை வெளியே நிறுத்துகிறது.

பொங்காலைக்கு ரெண்டு நாள் முந்தி சாயங்காலம் சாரிடம் இருந்து போன்.

"மாடம்மா, நாளைக்குக் காலைல கொஞ்சம் மணல் கொண்டு வா. ஒரு அடுப்புக்குப் போதும். ஷில்பாவுக்குத் தலைப் பொங்காலையாக்கும், அவளைக் கொண்டுபோய் ரோட்டுல இருத்த முடியாதுல்லா. நீ சொன்ன மாதிரி நாலு விரல் கனத்துக்குப் போட்டுத் தா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மணல் போட்டால் ஒன்றும் ஆகாது என்று இந்த மனுஷனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் பேரைச் சொல்லிக் கேட்டைச் சாத்தியிருக்கிறார்.

"சரி சார்," என்றேன். "மணலோட வாரேன்."

அன்றைக்கே ஜானவி வீட்டுக் கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய்க் காலிச் சிமெண்ட் சாக்கு நாலைந்தை உதறி எடுத்துக்கொண்டு வந்தாள். பிறகு வீடு வீடாகப் போனோம். மணல் எங்கே கிடைத்தது என்றால், ரெண்டு தெரு தள்ளி ஷைஜுவின் இன்னொரு சைட்டில் மிச்சம் குவிந்து கிடந்தது. அவனிடம் கேட்டேனா என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பத்தொன்பது பேரும் ஆளுக்கொரு சாக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். ஒரு உந்துவண்டியில் செங்கல். சார் பால் வாங்கப் போயிருந்தார். ஷில்பா கேட்டைத் திறந்தாள். எங்களை எண்ணினாள் என்று நினைக்கிறேன், உதடு அசைந்தது.

"மாமா மணல் வரும்னுதான் சொன்னாரு," என்றாள்.

"மணல்தான் மோளே வந்திருக்கு," என்றேன்.

கல்லை முதலில் சுத்தமாகப் பெருக்கினேன். அடியில் ஒரு பொடிக்கல் கிடந்தாலும் பாரம் ஏறும்போது கீறிவிடும். பிறகு மாமரத்தடியில் இருந்து தொடங்கி இடம் இடமாக மணலைக் கொட்டி, மட்டப்பலகையால் இழுத்து, விரலை விட்டு ஆழம் பார்த்தேன். நாலு விரல், ஒரு நூல் குறையக் கூடாது. ஷில்பாவுக்கு நல்ல நிழலில் ஒன்று. ஜானவிக்குக் குழாயை ஒட்டி ஒன்று. கடைசியில் என் இடத்துக்கு வரும்போது சாக்கு காலி. உதறிப் பார்த்தும் ரெண்டு விரல் கனத்துக்குத்தான் வந்தது. மற்றவர்கள் இடத்தில் இருந்து வழித்தெடுக்க எனக்கு மனசில்லை. அப்படியே விட்டேன்.

சார் பால் பாக்கெட்டோடு கேட்டில் நின்றார்.

"ஒண்ணுதானே சொன்னேன் மாடம்மா."

"ஒண்ணுக்குத் தாங்குத மணல் இருபதுக்கும் தாங்கும் சார்."

"அது என் வீட்டுப் பொண்ணாக்கும்."

"இருக்கட்டும். எந்த வீட்டுப் பொண்ணு பத்த வச்ச தீன்னு இந்தக் கல்லுக்குத் தெரியாது. பூசினவ நான் சொல்லுதேன்."

"உனக்கு நாக்கு நீளமாயிப் போச்சு."

"நான் சொன்ன பத்தியத்த எழுதி மாட்டுனீங்க. நான் சொன்ன மணல ஏன் சார் எழுதல?"

அவர் முகம் சிவந்தது. பேங்கில் கையெழுத்துக்காக ஆட்களை நிற்கவைத்தே பழகியவரை இப்படி ஒருத்தியும் கேட்டிருக்க மாட்டாள். விரலை நீட்டி முற்றம் முழுக்கச் சுற்றிக் காட்டினார்.

"இந்தக் கல்லுல ஒரு பாடு விழட்டு, ஒரு தடம். ஒரே ஒரு பாடு. ஷைஜுட்ட சொல்லி உன் பணிய தீத்துருவேன். இந்தப் பக்கத்துல ஒரு வீட்டுலயும் நீ பிரஷ் பிடிக்க முடியாது."

"சொல்லுங்க."

ஜானவி அதற்குள் தன் மூன்று செங்கல்லையும் வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். ஷில்பா மாமாவின் கையில் இருந்து பாலை வாங்கிக்கொண்டாள். "எல்லாரும் இருந்தா எனக்கும் தைரியமா இருக்கும் மாமா," என்று மட்டும் சொன்னாள். அவர் உள்ளே போய்விட்டார். கேட்டை யாரும் சாத்தவில்லை.

பொங்காலை அன்றைக்குப் பத்தரை மணி வாக்கில் கோயில் அடுப்பில் மூட்டிய தீ எங்கள் முற்றம் வரை வந்தது. ஒரு அடுப்பில் இருந்து அடுத்த அடுப்புக்கு, தென்னம்பாளை நுனியில் தொட்டுத் தொட்டுக் கொடுத்தோம். ஷில்பாவுக்கு நான்தான் கொடுத்தேன். புகையில் கண் திறக்க முடியவில்லை, அரிசியும் வெல்லமும் கொதிக்கிற வாசனை, தெருவெங்கும் குலவை. அவள் பானை பொங்கி வழிந்தபோது சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். எனக்குக் கோபம் போகவில்லை, ஆனாலும் வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. சார் ஜன்னலில் நின்றார். எங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நைவேத்தியம் ஆகி, தீர்த்தம் தெளித்து, தீ அணைந்து, சூடு முழுக்க ஆறும்வரை ஒருத்தியையும் மணலைத் தொட விடவில்லை. நாலு மணிக்கு அள்ளினோம். கழுவினோம். நான் ஒவ்வொரு இடத்திலும் கைத்தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். முத்து முத்தாக நின்றது. ஒன்று, ரெண்டு என்று பத்தொன்பது இடமும் கண்ணாடி. இருபதாவது என் இடம். அங்கே மட்டும் தண்ணீர் பரவியது. கல்லில் ஒரு ஆப்பம் அளவுக்கு வெள்ளைப் பாடு.

சாருக்கு அதைக் காட்ட வேண்டிய அவசியமே வரவில்லை. முற்றத்துக்கு இறங்கியதும் நேரே அங்கேதான் வந்து குனிந்தார். கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். போனை எடுத்து ஷைஜுவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, நானும் கேட்க வேண்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மாடம்மச் சேச்சி, அதொண்ணு எடுத்துக் கொடுக்கு," என்றான் ஷைஜு. "இல்லெங்கில் எனிக்கு வேற ஆளெ நோக்கேண்டி வரும். சார் பறயுந்நது கேட்டில்லே?" எடுக்காவிட்டால் என் இடத்தில் வேறு ஆளைப் பார்ப்பானாம்.

"இதுக்குத்தான் வேண்டாம்னு தலப்பாடா சொன்னது," என்றார் சார். "நாளைக்கே வந்து இத எடுத்துரு. எடுத்துட்டா ஞான் ஷைஜுட்ட வேற ஒண்ணும் சொல்லல. ஆனா அடுத்த வருஷம் ஒருத்தியும் இந்தப் படி கடக்கண்டாம்."

எடுப்பது பெரிய காரியமே இல்லை. தின்னரில் துணியை நனைத்துப் பழைய பூச்சைத் துடைத்து, காயவிட்டு, பிரஷ்ஷால் ரெண்டு இழுப்பு. எனக்கு அரை மணி நேரம். ஷைஜு நல்லவன், அவனிடம் வேலை இல்லாமல் போனால் எனக்குக் கஷ்டம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வெள்ளைத் தடத்தை எடுத்துவிட்டால் நாங்கள் இந்த முற்றத்தில் நின்றதற்கே அடையாளம் இருக்காது. நானே என் கையால் எங்களைத் துடைத்துவிட்டு, கேட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும்.

ஜானவி பானையைத் துணியில் கட்டிக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். எல்லாரும் பார்த்தார்கள்.

"எடுக்கலாம் சார்," என்றேன். "அர மணிக்கூர் வேலை. எடுக்க மாட்டேன்."

"பின்ன இது இப்படியே கெடக்கவா?"

"கெடக்கட்டும். எல்லாரும் கல்லு வச்சுப் பேரெழுதி இடம் பிடிக்காங்க. எனக்கு எழுத வேண்டாம். அடுத்த வருஷம் நான் வந்து நிக்க வேண்டிய இடம் அதுதான்."